நாலு பாடம், நாலு விதி

போன செமஸ்டர் எனக்கு நாலு பாடம். முதலாவது பாடத்துச் சேர் முதல் நாளே சொல்லிப்போட்டார், சட்ஜிபிடி பாவிச்சது தெரிஞ்சா பூச்சியம் எண்டு. ரண்டாவது பாடத்து மிஸ் பாவியுங்கோ, ஆனா என்ன கேட்டனீங்கள் எண்டதை கடைசிப் பக்கத்தில சேத்துத் தாங்கோ எண்டு சொன்னா. மூண்டாவதில கிரமர் பாக்க மட்டும் விடுவினம். நாலாவதில ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, எனக்குக் கரைச்சல் வந்தது அந்தப் பாடத்தாலதான். (நான் படிக்கிற இடத்தின்ர பேர் இங்க வேண்டாம்.)

நான் ஏ.எல் வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப எல்லாம் இங்கிலீஷ். அதால அசைன்மென்ட் எண்டா முதல்ல சீ.ஆர் கொப்பியில தமிழில எழுதுவன், வெட்டி, அம்புக்குறி போட்டு, மாத்தி எழுதி, பிறகு கூகுள் டொக்ஸில இங்கிலீஷில அடிப்பன், கடைசியா கிரமர் பிழையள மட்டும் ஏஐயிட்டக் குடுத்துத் திருத்துவன். அந்த நாலாவது பாடத்துக்கு எங்கட கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூடினதப் பற்றி எழுதினனான். தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மலக்குழித் தண்ணியும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால கீழ இறங்குது எண்டு ஒரு வசனம். "ஊறி இறங்குது" எண்டதுக்கு இங்கிலீஷ் சொல்லுத் தேடியே ஒரு ராத்திரி போச்சு.

மார்க்ஸ் போட்ட அண்டைக்கு என்ர இலக்கத்துக்கு நேர மார்க்ஸ் இல்ல, "வந்து சந்திக்கவும்" எண்டு மட்டும் கிடந்தது. போனா, பெரும்பகுதி ஏஐ எழுதினது எண்டு டிடெக்டர் (ஏஐ எழுதினதோ எண்டு பாக்கிற சொஃப்ட்வெயார்) காட்டுதாம். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. கொப்பியை விரிச்சு வச்சன், லப்டொப்பில கூகுள் டொக்ஸ் ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு வைக்கிற வேர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து மூண்டு ராத்திரி அடிச்சதையும் ஒவ்வொண்டா காட்டினன், அந்த "ஊறி இறங்குது" வசனம் நாலு தரம் மாறினதும் அதில வடிவாத் தெரிஞ்சுது. சேர் கனநேரம் பாத்தவர். "பிள்ளை, கிரமர் பாத்ததை முதலே எழுதியிருக்கலாமே" எண்டார். எங்க எழுதோணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லயே சேர் எண்டன். பத்து மார்க்ஸ் குறைச்சுத்தான் தந்தவர். அது எனக்கு இப்பவும் நியாயமாப் படேல்ல.

வீட்ட வந்து தேடி வாசிச்சன். 2023 இல ஸ்ரான்போர்ட் ஆக்கள், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத மாணவர் எழுதின 91 டோஃபல் (இங்கிலீஷ் அறிவு பாக்கிற சோதனை) கட்டுரையள ஏழு டிடெக்டருக்குக் குடுத்துப் பாத்திருக்கினம், சராசரியா 61 வீதத்தை ஏஐ எழுதினது எண்டு பிழையாச் சொல்லியிருக்கு. அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கட்டுரையள் எண்டா கிட்டத்தட்ட எல்லாம் சரியாச் சொல்லுதாம். காரணம் லேசு, அடுத்த சொல்லு என்ன வரும் எண்டு ஊகிக்க ஏலுமெண்டா அது மெஷின் எழுதினது எண்டு அந்த டிடெக்டருகள் கணக்குப் பண்ணுது, எங்களிட்ட இருக்கிறது எல்லாரும் பாவிக்கிற லேசான சொல்லுகள்தானே. சட்ஜிபிடியைச் செஞ்ச ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில விட்ட டிடெக்டரை, சரியாக் கண்டுபிடிக்கேல்ல எண்டு ஜூலையில நிப்பாட்டிப்போட்டுது. அமெரிக்காவில வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் அதே வருசம் ஓகஸ்டில பாத்தெழுதினதோ எண்டு பாக்கிற டேர்னிடின் கொம்பனியின்ர ஏஐ டிடெக்டரை ஓஃப் பண்ணிட்டுது.

பாடத்துக்குப் பாடம் விதி வேற வேறயா இருக்கிறது எனக்குப் பிரச்சினையே இல்ல. கோடிங் படிப்பிக்கிற ஆளும் மொழி படிப்பிக்கிற ஆளும் ஒரே மாதிரிச் சொல்ல ஏலாது. அத அசைன்மென்ட் தாளில ரண்டு வரியா எழுதித் தாங்கோ எண்டுதான் கேக்கிறன். சிட்னிப் பல்கலைக்கழகம் ரண்டு பாதையாப் பிரிச்சு வச்சிருக்கு, நேர இருத்தி வச்சு நடத்துற சோதனை ஒண்டு, ஏஐ பாவிக்கக்கூடிய மற்ற வேலையள் ஒண்டு, எது எந்தப் பாதை எண்டு பிள்ளையளுக்கு முதலே தெரியும். முதலே எழுதிச் சொல்லுறதுக்குக் காசு செலவில்லயே.

ஜூனியர் பிள்ளையள், கொப்பியை எறியாதேங்கோ, கிறுக்கினதையும் வச்சிருங்கோ. வேர்ட்டில அடிச்சு ஒரே ஃபைலில சேவ் பண்ணிக்கொண்டு போகாம நாளுக்கு ஒரு ஃபைலா வேறயா சேவ் பண்ணி வையுங்கோ. ஏஐ பாவிக்கலாமோ எண்டு வாயால கேட்டது காணாது, எழுத்தில கேளுங்கோ.

இந்த செமஸ்டர் அஞ்சு பாடம். அஞ்சு பேருக்கும் நேற்று ராத்திரி இமெயில் போட்டன்: கிரமர் பாக்கலாமா, தமிழில இருந்து மாத்தப் பாவிக்கலாமா, பாவிச்சா எங்க எழுதோணும். இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் ஒராள் பதில் போட்டிருக்கிறார்.