நித்திரை கொண்டாலும் காது திறந்திருக்கும்

ஜூன் 8, 2025, ஞாயிறு, கிழக்கு லண்டன்

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வேப்புகளை, அதாவது இ-சிகரெட்டுகளை, இந்த நாட்டில் 1-ஆம் தேதியிலிருந்து விற்கக் கூடாது. சிகரெட்டை விட்ட நாளிலிருந்து எனக்கு அதுதான் கதி. வேறு வழியில்லாமல், ஒன்றரை வருஷமாக அலமாரியில் கிடந்த பாக்ஸ் மாடை (செல்லை சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பெட்டி வடிவ வேப்; சுருக்கமாக மாட்) தூசி தட்டி எடுத்தேன். உள்ளே இருந்த 18650 செல்லை சார்ஜர் ஏற்கவே இல்லை. புதிதாக இரண்டு வாங்கினேன். (18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். பெயர் வைத்தவர் சோம்பேறி போல.)

வெள்ளி இரவு முழு சார்ஜ். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பையோடு ரயிலில் அலைச்சல். இன்று மாலை எடுத்தால் திரை இருட்டு. இடையில் நான் இழுத்தது பத்து தடவைகூட இருக்காது. அணைக்காமல் விட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுபடி சார்ஜ் ஏற்றி இழுத்தால் தொண்டையெல்லாம் கரிந்த பஞ்சு நெடி. காயிலும் (பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) பழசு போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கணக்கு. செல்லின் கொள்ளளவு 2500 மில்லி ஆம்பியர் மணி. 48 மணி நேரத்தில் காலியாக வேண்டுமென்றால் விடாமல் 52 மில்லி ஆம்பியர் ஓடியிருக்க வேண்டும். திரை இரண்டு நாளும் எரிந்திருந்தால் ஒருவேளை நடக்கலாம். ஆனால் அது சில நொடிகளில் தானாக அணைந்துவிடுகிறதே! எங்கோ இடிக்கிறது.

ஜூன் 14, சனி

போன் பழுது பார்க்கும் அண்ணையின் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. மெல்லிய பிளாஸ்டிக் துண்டின் இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி, அதைச் செல்லுக்கும் மாடின் தகட்டுக்கும் நடுவே செருகினார். இரு தாள்களிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். செல்லிலிருந்து போகும் மின்சாரம் முழுக்க மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆன் செய்து, திரை அணைந்த பிறகு: 1.6 மில்லி ஆம்பியர். பொத்தானை ஐந்து முறை அமுக்கி ஆஃப் செய்த பிறகு: 0.4. பூஜ்யம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"தம்பி, அது நித்திரை கொண்டாலும் காது திறந்துதான் இருக்கும். நீர் திரும்ப அஞ்சு தரம் அமத்தேக்க ஆர் எண்ணுறது?"

அதுவும் சரிதான். எண்ணுவதற்குச் சிப் விழித்திருக்க வேண்டுமே. 0.4 என்பது பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வருஷத்துக்குப் பெருக்கினால் 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுகிறது. அலமாரியில் இருந்த பழைய செல் எப்படிச் செத்தது என்று அப்போதுதான் விளங்கியது. அளந்து பார்த்தார், 1.7 வோல்ட். இவ்வளவு இறங்கிய செல்லுக்கு உள்ளே இருக்கும் செம்பு கரைந்திருக்கும், மறுபடி சார்ஜ் ஏற்றினால் ஷார்ட் ஆகலாம் என்று சொல்லி, முனைகளில் டேப் ஒட்டி பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் போட்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். பேச்சு சுவாரஸ்யத்தில் இழுக்கும் பொத்தானை அமுக்கிவிட்டேன். மீட்டரில் பூஜ்யம். "என்ன செய்தனீர் தம்பி?" மில்லி ஆம்பியர் பக்கத்து ஃப்யூஸ் போய்விட்டது. 30 வாட் என்றால் 3.7 வோல்ட் செல்லிலிருந்து 8 ஆம்பியர்; அந்த ஃப்யூஸ் தாங்குவதோ அரை ஆம்பியருக்கும் குறைவு. புது ஃப்யூஸ் என் கடன்.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி படுத்தபடி யோசித்தபோதுதான் அந்த ஃப்யூஸே பதில் சொல்லிவிட்டது என்று தோன்றியது. சும்மா இருந்தால் இரண்டு நாளில் போவது 77 மில்லி ஆம்பியர் மணி, மூன்று சதவீதம். பொத்தான் அமுங்கியே இருந்தால் 10 நொடியில் மாட் தானாக வெட்டிவிடும். 8 ஆம்பியர் வீதம் அந்த 10 நொடிக்கே 22 மில்லி ஆம்பியர் மணி போய்விடும். நூற்றுச் சொச்சம் தடவை அமுங்கினால் செல் காலி.

காலையில் பையைத் திறந்து, அன்று வைத்தது போலவே எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலின் விளிம்பு நேராகப் பொத்தான் மேல் உட்கார்ந்தது. ரயில் குலுங்கக் குலுங்க என் பை தானாக வேப் அடித்திருக்கிறது! பஞ்சு கரிந்ததும் அதனால்தான். பாவம், காயிலைத் திட்டினேன்.

ஜூன் 21, சனி

மதுரையில் தங்கை மகள் கல்யாணம், மூன்று வாரம். இந்தியாவில் இ-சிகரெட்டுக்கு 2019-லேயே தடை, கொண்டு போகவும் கூடாது. நிகோடின் சூயிங்கம்தான். மாட் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு சோதனை. காயிலும் திரவமும் இருக்கும் டேங்கைக் கழற்றியாயிற்று, இனி பொத்தான் அமுங்கினாலும் சுடாது. ஒரு செல் ஆன் செய்த மாடுக்குள், இன்னொன்று பிளாஸ்டிக் டப்பாவில். இரண்டும் 4.17 வோல்ட்.

ஜூலை 12, சனி

பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, நேராக அலமாரிக்குப் போனேன். என் மனைவி பார்த்த பார்வையை எழுத மாட்டேன். மாடுக்குள் இருந்தது 3.86. டப்பாவில் இருந்தது 4.16. 1.6 மில்லி ஆம்பியர் வீதம் 21 நாள் கணக்குப்படி செல்லில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும், இந்த வோல்ட்டைப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் போயிருக்கிறது.

அண்ணைக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃப்யூஸ் கொண்டந்தனீரோ?" என்றார். மதுரையில் வாங்கியதுதான், பத்து இருக்கிறது. முறுக்கு டப்பாவுக்குள் எங்கேயோ.