மே மாதக் கல்யாண கேக்: ஏசி அறையில் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள்

லெந்து என்கிற தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போன பிறகுதான் எங்கள் பக்கம் சபைக் கல்யாணங்கள் வரிசை கட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வெளியூர்ச் சொந்தங்களுக்கு லீவு, எல்லாக் கணக்கையும் கூட்டினால் தேதி மே மாதத்தில்தான் போய் விழும். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். தங்கச்சி கல்யாணம் சரியாக அதன் நடுவில், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில். சபையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தது, மண்டபம் பிடித்தது, சேலை, பத்திரிகை எதிலும் ஒரு சிக்கலும் இல்லை. உயிரை வாங்கியது கேக் ஒன்றுதான். அதிலும் ‘என்ன ஃப்ளேவர்?’ என்ற ஒரே கேள்வி.

தங்கச்சிக்கு எலுமிச்சைதான் வேண்டும். 2018 மே மாதம் இங்கிலாந்தில் ஹாரி, மேகன் கல்யாணத்தில் எலுமிச்சையும் எல்டர்ஃப்ளவர் என்ற பூவின் வாசனையும் சேர்த்த கேக் வெட்டினார்களே, அன்றிலிருந்து பிடித்த ஆசை. பெரியம்மாவுக்கோ பிளம் கேக்கைத் தவிர வேறு எதுவும் கல்யாண கேக்கே கிடையாது. “2011-ல வில்லியம் கல்யாணத்துக்கே பழக் கேக்குதான வெட்டுனாங்க” என்று அவரும் அரண்மனையையே சாட்சிக்கு இழுத்தார். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், “உங்க இஷ்டம், ஆனா பிள்ளைகளுக்கு சாக்லேட்னா பிடிக்கும்.” சரி, எல்லாவற்றையும் தின்றே பார்த்துவிடலாம் என்று தூத்துக்குடியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

ஏசி அறை, வெள்ளைத் தட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த சின்னச் சின்னத் துண்டுகள். வெனிலா, பட்டர்ஸ்காட்ச், பைனாப்பிள், ரெட் வெல்வெட், எலுமிச்சை, மாம்பழம். எல்லாமே நன்றாக இருந்தன. அங்கேதான் எனக்கு உறுத்தியது. வெளியே அடித்த வெயிலில் வந்து உட்கார்ந்தவனுக்கு ஜில்லென்று எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். போதாததற்கு, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், எசென்ஸ் வாசனையும் அமுங்கிக் கிடக்கும். நம் விருந்தாளிகள் அதைத் தின்னப்போவதோ மண்டபத்தில், கேக் வெட்டி, போட்டோ எடுத்து, சபைப் போதகர் ஐயா ஜெபம் பண்ணி முடித்து, ஆறஅமர.

தட்டில் மிஞ்சியதைப் பார்சல் கட்டித் தரச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பரவாயில்லை, நீங்களும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து ஃபேன் மட்டும் ஓடும் அறையில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் தின்று பார்த்தோம். பட்டர்ஸ்காட்ச் திகட்டியது. பைனாப்பிள் கிரீம் உட்கார்ந்துபோய் அடியில் தண்ணீர் விட்டிருந்தது. ரெட் வெல்வெட்டுக்கு நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தங்கச்சி ஆசைப்பட்ட எலுமிச்சை, பாத்திரம் விளக்கும் சோப்பு மாதிரி மணத்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

மறுபடி போய் அந்தக் கடையில், “எலுமிச்சைத் தோல் துருவிப் போடுவீங்களா?” என்று கேட்டேன். வாசனை எண்ணெயெல்லாம் தோலில்தான் இருக்கிறது, சாறு புளிப்பை மட்டும்தான் கொடுக்கும். “நாங்க போடுறது இம்போர்ட்டட் எசென்ஸ் மேடம்” என்றார் சூப்பர்வைசர், பெருமையாக. மாம்பழமும் அப்படித்தான். ஊரெல்லாம் பங்கனப்பள்ளி குவிந்து கிடக்கிற மாதத்தில், மஞ்சள் சாயமும் எசென்ஸும். நிஜப் பழம் வேண்டுமென்றால் துண்டு போட்டு நடுவில் வைத்துத் தருவார்களாம். வைக்கக் கூடாது. வெயிலில் காய்ச்சாத பழத் துண்டு சாறு விட்டால் மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்குள் வீட்டில் ஒரு கூட்டம் அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டிவிட்டது. ரசீதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘ஒயிட் கேக், 3 அடுக்கு.’ ஃப்ளேவரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாமாம். அப்புறம் போன் பண்ணினால் எடுத்தது வேறு ஆள். “உங்க ஆர்டர்ல பட்டர்ஸ்காட்ச்னு போட்ருக்கே?” யார் சொன்னது என்றால் அவருக்கும் தெரியவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. மூன்று அடுக்கில் மேல் அடுக்கு ஒன்றுதான் நிஜ கேக். கீழே இரண்டும் தெர்மாகோல் டம்மி, மேலே ஐசிங் பூச்சு. அதில் தப்பில்லை, உயரத்துக்காக எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தத் தெர்மாகோலுக்கும் கிலோக் கணக்கில் விலை போட்டிருந்தார்கள்! ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தின்கிற கேக் எத்தனை கிலோ என்பது. அந்தப் பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஃப்ளேவரையும் கிரீமின் பெயரையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கிரீம் என்றதும்தான் மண்டபம் நினைவுக்கு வந்தது. கடைக்காரர்கள் எங்களுக்குச் சொன்ன ஒரே உண்மை, “மண்டபத்துல ஏசி இல்லனா நாங்க கியாரண்டி தர மாட்டோம்” என்பது. எங்கள் மண்டபம் ஏசி மண்டபம்தான், விளம்பரத்தில். மேனேஜரிடம் போய் உட்கார்ந்தபோதுதான் ஏசியை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் போடுவார்கள் என்று தெரிந்தது. கரண்ட் போனால்? “ஜெனரேட்டர் இருக்குல்லா” என்றார். ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேட்டேன். லைட்டும் ஃபேனும் ஓடுமாம். இந்தக் கேள்வியை மண்டபம் புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். கேக்குக்காக இல்லாவிட்டாலும் பட்டுச் சேலை கட்டி நிற்கிறவர்களுக்காக.

வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். அதற்கு ரொம்ப முன்னாலேயே குழைய ஆரம்பித்துவிடும். மே மாத நாசரேத்தில், ஜனம் நிறைந்த மண்டபத்தில், வீடியோக்காரர் ஃபோகஸ் லைட்டை நேராகத் திருப்பி வைத்தால் பட்டர்கிரீம் பூ என்ன ஆகும்? வழியாமல் நிற்கிற பட்டர்கிரீமும் கடைகளில் உண்டு. அதில் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி வகைதான் இருக்கும், மேல் அண்ணத்தில் பூசிக்கொண்டு போகவே போகாது. எனக்கு அது பிடிக்காது. சர்க்கரையைப் பிசைந்து தகடாகத் தேய்த்த ஃபாண்டன்ட் போர்த்தினால் அழகாக இருக்கும் என்றார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து வியர்த்துவிடும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கடையே வேண்டாம் என்று முடிவெடுத்தபோது அட்வான்ஸ் பிரச்சினை வந்தது. “பணமா திருப்பித் தர மாட்டோம், பொருளா எடுத்துக்கோங்க.” அரை மணி நேரம் வாக்குவாதம். ரசீதில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. சரி, என்ன பொருள் என்று கண்ணாடி அலமாரியைப் பார்த்தபோது, பெரியம்மா மெதுவாக, “பிளம் கேக் இருக்கு பாரு” என்றார். அவர் அதற்காகவே கூட வந்தாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஆனால் யோசித்தால் அது நல்ல யோசனை. உலர்ந்த பழமும் சர்க்கரையும் நிறைந்தது, ஈரம் குறைவு, கிரீம் கிடையாது. வெயிலுக்கும் சீக்கிரம் கெடாது. வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப இதைவிட வேறு கேக் கிடையாது. பெரியம்மா வீட்டில் ரம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, எனவே ‘திராட்சைச் சாறில் ஊறியதுதானே?’ என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே ஒப்புக்கொண்டார்.

வெட்டுகிற கேக்குக்கு, நாசரேத்திலேயே வீட்டில் கேக் போடும் ஒரு டீச்சரைச் சபையில் ஒருவர் காட்டிக்கொடுத்தார். வீட்டில் செய்கிறவர்களிடம் கொடுக்கிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், 14 இலக்கத்தில் இருக்கும். இவர் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துக் காட்டினார். அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி.

அவர் முதலில் கேட்டது ஃப்ளேவரை இல்லை. “எத்தனை மணிக்கு வெட்டுவீங்க? அதுவரைக்கும் கேக் எங்க இருக்கும்?” இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். “இந்த வெயிலுக்கு வெண்ணெய் நிக்காதும்மா. வெள்ளை சாக்லேட்டைக் கிரீமோட உருக்கிக் கலந்த கனாஷ் போடலாம். வழக்கமா மூணு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம். மே மாசம்னா சாக்லேட்டை இன்னும் கூட்டணும்” என்றார். வெள்ளை சாக்லேட் ரொம்ப இனிக்குமே என்று தங்கச்சி இழுத்தாள். “அதுக்குத்தான் உள்ள எலுமிச்சை. புளிப்பு இல்லன்னா இதைத் திங்க முடியாது.” தோலைத் துருவி மாவில் போட்டு, சாறில் சர்க்கரை காய்ச்சி ஸ்பாஞ்ச் மேல் ஊற்றுவாராம். மாம்பழத்தையும் விட வேண்டாம் என்றார். கூழாக அடித்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஜாம் பக்குவத்துக்கு முன்னால் வரை சுண்டக் காய்ச்சி நடுவில் பூசினால் தண்ணீர் விடாது. எல்டர்ஃப்ளவரை மட்டும் மறந்துவிடச் சொன்னார். அந்தப் பூ இங்கே எங்கே போவது?

நாங்கள் செய்த உருப்படியான காரியம், மாதிரி கேக்கை மண்டபத்திலேயே வைத்துப் பார்த்தது. டீச்சர் அரைக் கிலோ அளவில் ஒன்றில் கனாஷும் இன்னொன்றில் பட்டர்கிரீமும் பூசிக் கொடுத்தார். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சொல்லி, உச்சி வெயில் நேரத்தில் மேடை மேல், ஃபேன் மட்டும் போட்டு வைத்தோம். பட்டர்கிரீம் ஓரம் மடங்கி இறங்கத் தொடங்கியது. கனாஷ் விரல் வைத்தால் பதிந்தது, ஆனால் வடிவம் கெடவில்லை. அந்தச் சூட்டிலேயே வெட்டித் தின்றோம். எலுமிச்சை வாசனை சூட்டுக்கு இன்னும் எடுப்பாக வந்தது, மாம்பழம் பின்னால் மெதுவாக வந்தது. அண்ணாச்சிக்கு ஒரு துண்டு கொடுத்ததற்கு, “இது கேக்கு” என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு சொன்னார். மேனேஜர்தான் எறும்பு வரும் என்று கத்திவிட்டுப் போனார். அது நியாயமான பயம். கல்யாணத்தன்று மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தித் துணி போட்டு மறைத்தோம்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோவில் ஓரளவு நல்ல துண்டாகப் பத்துப் பன்னிரண்டு வரும். வந்தவர்கள் கையில் கொடுக்கப் பிளம் கேக் இருப்பதால் வெட்டும் கேக் 2 கிலோ போதும். கீழே இரண்டு டம்மி அடுக்கை டீச்சர் முன்கூட்டியே, காய்ந்தால் கெட்டியாகிவிடும் ராயல் ஐசிங் பூசிக் காயவைத்துவிட்டார். முட்டை சாப்பிடாத சிநேகிதர்களுக்கு எக்லெஸ் தனியாக, சமையல்கட்டிலேயே துண்டு போட்டுப் பெயர் ஒட்டி வைத்தோம். கிரீம் பூவுக்குப் பதிலாக கேக்கைச் சுற்றித் தூத்துக்குடி மக்ரூன் அடுக்கலாம் என்பது என் யோசனை. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான், உருக ஒன்றும் இல்லை. ஆனால் ஈரக் காற்று பட்டால் நமத்துப் பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டின்னில் வைத்திருந்து கடைசி நேரத்தில் எடுத்து அடுக்க வேண்டும்.

கல்யாணத்தன்று மணமகள் அறையின் ஏசியை மத்தியானத்திலிருந்தே ஓடவிடச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணமும் அழுது, கேக்கை அங்கே வைத்திருந்தோம். கோயிலில் ஆராதனை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கார் ஏறிய செய்தி வந்த பிறகுதான் மேடைக்குத் தூக்கினோம். எதிர்பார்த்த மாதிரியே, அவர்கள் மேடை ஏறும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது, ஏசி வரவில்லை. போட்டோக்காரர் கத்தியை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று இழுத்தடித்தார். கனாஷ் கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான். அந்த வேக்காட்டிலும் வெட்டின துண்டு துண்டாகவே நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் சாக்லேட் கேட்கவே இல்லை, மக்ரூனைக் காலி செய்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

மிச்சம் வைக்காதீர்கள். மாம்பழம் பூசிய கேக்கை அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பிளம் கேக் பாக்கெட்டுகள் பெரியம்மா அலமாரியில் இன்னும் சில இருக்கின்றன, வருகிறவர்களுக்கெல்லாம் அவரே எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் கடையில் அட்வான்ஸ் கணக்கில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. அடுத்த தடவை தூத்துக்குடி போனால் பப்ஸ் வாங்கிக் கழித்துவிடுவேன்.