மாலை இல்லாத 48 நாள்

ஐந்து வருஷம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டவன் நான். கார்த்திகை முதல் தேதி கழுத்தில் துளசி மாலை விழுந்தால் அன்றைக்கே சிகரெட் நின்றுவிடும். 48 நாளும் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. மலைக்குப் போய் வந்து, அம்மா கையால் மாலையைக் கழற்றி, கறுப்பு வேட்டியை மாற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பற்றவைக்கப் பத்து நிமிஷம்தான் ஆகும். ஐந்து வருஷமும் அப்படியே. அதனால் "என்னால் விட முடியலை" என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. வருஷா வருஷம் விடுகிறவன்தானே!

சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் தீக்குச்சி உரச முடியாது. பிரஸ்ஸில் இங்க்கும் கழுவுகிற ஆயிலும் பேப்பர் பண்டல்களும் கிடக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, அண்ணாச்சி டீக்கடைக்குப் போக வேண்டும். ஒரு டீ, ஒரு கிங்ஸ் சிகரெட். இப்படி ஒரு நாளைக்கு 12 சிகரெட். காலையில் கண் விழித்ததும் கக்கூசுக்குப் போகும் முன் ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று. மீதி பத்தும் டீக்கும் பேச்சுக்கும் நடுவில் போய்விடும்.

2024 ஆடி அமாவாசைக்குக் கூட்டாளிகளோடு சதுரகிரி ஏறினேன். அடிவாரத்திலிருக்கும் தாணிப்பாறையில் சோதனை போட்டு, பீடி சிகரெட்டை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், உள்ளே நுழையும் முன்பே இரண்டை அடுத்தடுத்து இழுத்து முடித்தேன். கோரக்கர் குகைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு அடைத்துவிட்டது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அறுபது வயசிருக்கும் ஒரு அம்மா, தலையில் பையோடு என்னைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க தம்பி" என்றார். ஏழு மாசத்துக்கு முன்னால் இதே காலோடுதான், இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு, நீலிமலையையும் அப்பாச்சிமேட்டையும் எங்கும் உட்காராமல் ஏறினேன். அப்போது ஐயப்பன் ஏற்றிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டபோது சிரித்தார். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நிறுத்தினால் ஒரு நாளுக்குள் அது இறங்கிவிடும், நுரையீரல் தேறுவதற்குத்தான் வாரங்கள் ஆகும் என்றார். "ஐயப்பன் உங்களை ஏத்தலைன்னு நான் சொல்லலை. ஆனா 48 நாள் சும்மா இருந்ததும் சேர்ந்துதான் ஏத்திருக்கு" என்றார்.

கூட்டாளிகள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "கார்த்திகை வரட்டும் மாப்ளே, மாலை போடும்போது அப்படியே விட்டுரு." எனக்கு அதில்தான் பயம். மாலையோடு விட்டால் மாலையோடு திரும்ப வந்துவிடும். அதனால் ஒரு விசேஷமும் இல்லாத நாளாகப் பார்த்து, ஆவணியில் ஒரு புதன்கிழமையைக் குறித்தேன்.

அதற்குச் சில நாள் முன்னால், சிகரெட்டை விட உதவுவதற்கென்று பெட்டியில் இருக்கிற எண்ணுக்குப் போன் போட்டேன். 1800-11-2356. 2018-லிருந்து எல்லாப் பெட்டியிலும் அச்சாகிற எண் அது. பெட்டியில் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு ஒரு புண் படம் இருக்குமே, அதோடு சேர்ந்தே இருக்கும். நான் அச்சுத் தொழிலில் இருக்கிறவன். அந்தப் படத்தில் மெஜந்தா தூக்கல் என்று பல தடவை குறை சொல்லியிருக்கிறேனே தவிர, எண்ணை ஒருநாளும் வாசித்ததில்லை. காசில்லாத எண். தமிழிலேயே பேசினார்கள். ஒரு பெண் முதலில் கேட்டது, "எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பிடிக்கிறீங்க?" அஞ்சு நிமிஷம் என்றேன். அரை மணிக்குள் என்றாலே பிடி கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தமாம். டாக்டரைப் பார்த்து நிகோடின் சூயிங்கம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் நான் பயந்த அளவுக்கு இல்லை. வீறாப்பிலேயே ஓடிவிட்டது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் ஆளைப் பிழிந்துவிட்டன. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. கைப்பையன் ஏதாவது கேட்டால் அவன் முடிக்கும் முன்பே கத்தினேன். ரெஜிஸ்டர் தள்ளிப்போய், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாததைக் கவனிக்காமல் 200 ஷீட்டை வேஸ்ட் ஆக்கினேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஷீட்டை எடுத்துப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நிகோடின் உடம்பை விட்டு வெளியேறுகிற நாட்கள் இவைதான், மூன்றாம் நாளைத் தாண்டினால் வேகம் இறங்கும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்திருந்ததால் மட்டும்தான் நாலாம் நாளைப் பார்த்தேன்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகரெட் இல்லாமல் காலையில் கக்கூஸ் வரவில்லை. மாலை போட்டிருக்கும்போது விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு என்று எல்லாமே மாறிவிடுவதால் இது பெரிதாகத் தெரிந்ததில்லை. இப்போது மூன்று நாள் ஆகியும் வயிறு கல் மாதிரி இருந்தது. நிகோடின் குடலையும் தூண்டிவிடும் என்பதால் நிறுத்தினதும் பல பேருக்கு இப்படி ஆகுமாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி இரண்டு கொய்யாப்பழம். ஆறாம் நாள் சரியானது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது.

தூக்கமும் போனது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்துக்கொண்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிகோடின் ஏக்கம்தான் என்று நினைத்தேன். அடுத்த தடவை அந்தப் பெட்டி எண்ணிலிருந்து கூப்பிட்டபோது சொன்னேன். "எத்தனை டீ குடிக்கிறீங்க?" என்றார் அந்தப் பெண். பழைய கணக்கு மாறாமல் ஆறு டீ. சிகரெட் புகை ஈரலைத் தூண்டிவிட்டுக் காபி, டீயிலிருக்கும் காஃபீனைச் சீக்கிரம் கரைக்க வைக்குமாம். புகை நின்றால் அதே டீ உடம்பில் வெகுநேரம் நிற்கும். குடிப்பது ஆறாக இருந்தாலும் அதைவிடக் கூடக் குடித்த மாதிரிதான் உடம்புக்கு. படபடப்பில் பாதி டீயால் வந்தது! இரண்டாகக் குறைத்தேன். நாலு நாளில் தூக்கம் வந்தது.

சூயிங்கத்தை முதலில் மிட்டாய் மாதிரி மென்று விக்கல் எடுத்து, வாந்தி வருகிற மாதிரி ஆகித் துப்பினேன். அதை மெதுவாக நாலைந்து கடி கடித்து, நாக்கில் காரம் ஏறினதும் நிறுத்திக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் திரும்பக் கடிக்கலாம். கன்னத்துத் தோல் வழியாகத்தான் நிகோடின் உள்ளே போகிறது, விழுங்கினால் வயிற்றைத்தான் புரட்டும். வாயில் இருக்கும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் டீ, காபி கூடாது. இதையெல்லாம் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்க வெட்கம்.

ஆசை வரும்போது எப்படிச் சமாளித்தேன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வேகம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாகத் தெரிந்தது. எங்கள் மெஷின் மணிக்கு 8,000 ஷீட் ஓடும். ஐந்து நிமிஷத்துக்கு 650-க்குக் கொஞ்சம் கூட. ஆசை வந்தால் கவுன்டரில் நிற்கிற எண்ணை மனசில் வைத்துக்கொண்டு, "இன்னும் 650 ஓடட்டும், அப்புறம் போறேன்" என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நடுவில் ஒரு ஷீட்டை உருவி லென்ஸ் வைத்துப் புள்ளி பார்ப்பேன். 400 தாண்டும்போதே பல சமயம் மறந்துவிடும். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது தடவை எண்ணியிருப்பேன். மூன்றாம் வாரம் அது நாலோ ஐந்தோதான்.

சரி, மெஷின் பக்கம் நிற்கும்போது இப்படி. டீக்கடையில்?

மாலை போட்ட காலத்தில் எனக்கு எது உதவியது என்பது அங்கேதான் புரிந்தது. கழுத்தில் மாலை இருந்தால் நான் கேட்டாலும் அண்ணாச்சி சிகரெட் தரமாட்டார். பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பவன் "சாமி வர்றாரு" என்று கையைப் பின்னால் மறைப்பான். 48 நாள் நான் என்னைக் காவல் காக்கவில்லை, ஊர் காத்தது. மாலையில்லாத புதன்கிழமையிலிருந்து அதே ஆட்கள்தான் பெட்டியை நீட்டி, "ஒண்ணே ஒண்ணு, என்ன ஆயிரப்போகுது" என்றார்கள்.

அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். "எனக்கு மாலை போட்ட மாதிரி நினைச்சுக்கோங்க அண்ணாச்சி. நான் கேட்டாலும் தராதீங்க."

"கழுத்துல ஒண்ணுமில்லாம எப்படிப்பா மறுக்கிறது? யாவாரம்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று சாயங்காலம் நான் போனபோது, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சாமிக்கு ஒரு டீ போடுறா" என்று மாஸ்டருக்குச் சத்தம் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆவணி மாசத்தில் கட்டம் போட்ட சட்டையோடு ஒரு சாமி! அடுத்த நாளிலிருந்து பிரஸ் பையன்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். கேலி செய்கிற எவனும் பெட்டியை நீட்டவில்லை.

சனிக்கிழமை சம்பளம். கடை நோட்டில் பற்றுக் கணக்கு முடிக்கிற நாளும் அதுதான். முந்தின வாரங்களில் டீயும் சிகரெட்டும் சேர்த்து 1,800-க்குக் குறைந்ததில்லை. அப்போது கிங்ஸ் ஒன்று 18 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு டீக்குக் குறைத்த முதல் முழு வாரத்தில் 144 ரூபாய் வந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். மிச்சம் பிடித்த பணத்தை உண்டியலில் போட்டுப் பாப்பாவுக்கு எதையோ வாங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அது வீட்டுச் செலவோடு செலவாகக் கரைந்தது. மூன்றாம் மாசம்தான் ஒரு சீட்டில் சேர்ந்தேன்.

17-ஆம் நாள் தவறினேன். சொந்தத்தில் ஒரு சாவு, துட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆம்பளைகள் எல்லாம் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சூயிங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பெரியப்பா மகன் ஒன்றும் பேசாமல் நீட்டினான், நானும் ஒன்றும் பேசாமல் வாங்கினேன். பாதி இழுப்பதற்குள் தலை சுற்றியது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முழுசும் பிடித்து முடித்தேன், அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது மனசு பழைய பாதையில் இறங்கியது. மாலை அறுந்துபோன மாதிரி ஒரு நினைப்பு. விரதம் கெட்டுவிட்டது, இனி ஒன்றென்ன, பத்தென்ன? இறங்கினதும் ஒரு பெட்டி வாங்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. இறங்கும் முன்பே அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தவர் வேறு ஆள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒண்ணோட நின்னுச்சா? அப்ப நாளை எண்ணுறதை நிறுத்தாதீங்க, இன்னிக்கு 17-தான்" என்றார். அப்புறம், அடுத்த துட்டி வீட்டில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். யோசித்தேன். சமையல்காரர் பக்கம், தண்ணீர் கேன் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் என்றேன். இப்போதும் விசேஷ வீடுகளில் அங்கேதான் நிற்கிறேன். நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கிறது.

மனைவியிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். "அன்னிக்கே சட்டையைத் துவைக்கும்போது தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் இருமல் கூடி, பிறகு போனது. நாலு கிலோ ஏறினேன். வறுகடலையும் காராச்சேவும் செய்த வேலை, இன்னும் இறங்கவில்லை. சூயிங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தீபாவளிக்குப் பிறகு நிறுத்தினேன்.

கார்த்திகை முதல் தேதி ஆறாவது வருஷமாக மாலை போட்டேன். அன்று எனக்கு 88-ஆம் நாள். காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தது, ராத்திரி ஷிஃப்ட் வேறு. ஆனாலும் அந்த 48 நாள் சுலபம் என்று தெரியும். நான் பயந்தது மாலை கழற்றுகிற நாளை நினைத்துத்தான். பத்து நிமிஷத்தில் கால் தானாக நடந்துவிடும் அந்த நாளை.

மார்கழியில் போய் வந்தோம். நீலிமலையில் இந்தத் தடவையும் உட்காரவில்லை. திரும்பும் வழியில் குற்றாலத்தில் குளித்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாலையைக் கழற்றினாள். வேட்டியை மாற்றினேன். ஐந்து வருஷப் பழக்கம், கால் நடக்கத்தான் செய்தது. அதைத் தெருமுனைக் கடையில் நிற்கவிடாமல், இரண்டு தெரு தாண்டி அண்ணாச்சி கடைக்கு நடத்திக் கொண்டுபோனேன்.

என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "கழட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கை பழக்கத்தில் சிகரெட் பெட்டிப் பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது. அப்புறம் பக்கத்திலிருந்த கடலை மிட்டாய் பாட்டிலைத் திறந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை நோட்டை வாங்கிப் பார்த்தேன். பற்றுக் கணக்கில் என் பெயரை எழுதியிருக்கவில்லை. "சாமி, டீ 2, மிட்டாய் 1" என்று இருந்தது.