ஒன்பதைத் தேடி மக்காவுவில் இரண்டு இரவுகள்

ஹாங்காங்கின் ஷியுங் வான் படகுத்துறையில் ஏறிய விரைவுப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எங்களை மக்காவுவில் இறக்கிவிட்டது. 2018இல் திறந்த 55 கிலோமீட்டர் கடற்பாலத்தின் வழியே பேருந்திலும் வந்திருக்கலாம். ஆனால் அந்த ஊருக்குப் படகில்தான் போக வேண்டும் என்று என் அக்கா மகன் பிடிவாதமாக இருந்தான். சிங்கப்பூரில் ஒரு கேசினோவில் ஆறு ஆண்டுகள் டீலராக, அதாவது மேசையில் சீட்டுப் போடுபவனாக, வேலை பார்த்துவிட்டு இப்போது வேறு தொழிலுக்கு மாறியிருப்பவன் அவன். நானோ வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ரம்மிக்கு அப்பால் சீட்டைத் தொட்டதில்லை. பக்கரா என்ற ஆட்டத்தை அதன் தலைநகரிலேயே வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் பயணத்தின் நோக்கம். தலைநகர் என்று சொல்வது மிகையல்ல. மக்காவுவின் கேசினோ வருமானத்தில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரே ஆட்டத்திலிருந்துதான் வருகிறது.

முதல் மாலை பழைய நகரத்தில் கழிந்தது. 1970இல் திறந்த லிஸ்போவா கட்டடம் பறவைக் கூண்டு போன்ற தன் முகப்போடு இன்றும் நிற்கிறது. சுற்றுத் தெருக்களில் அடகுக்கடைகளின் விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஸ்டான்லி ஹோ என்ற தொழிலதிபரின் நிறுவனம் 1962 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் தனியுரிமையாக நடத்திய கேசினோ தொழில், 1999 டிசம்பரில் போர்ச்சுகல் ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்த பிறகு பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தைப்பா, கொலோவான் என்ற இரு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து உருவாக்கிய கோட்டாய் பகுதியில் இன்று அரண்மனை போன்ற கேசினோக்கள் நிறைந்திருக்கின்றன. இரவு உணவுக்குப் பிறகு நாங்கள் அங்கேதான் போனோம்.

உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் நுழையவே முடியாது. நான் எதிர்பார்த்திருந்த சுழல் சக்கரங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைத் துணி விரித்த பக்கரா மேசைகள். ஒவ்வொன்றின் அருகிலும் சிவப்பு, நீல வட்டங்கள் நிறைந்த மின்பலகை. நாங்கள் நின்ற மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 1000 ஹாங்காங் டாலர் என்று எழுதியிருந்தது. உட்காரும் எண்ணம் எனக்கு அங்கேயே போய்விட்டது. பின்னால் நின்று பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

நம் ஊர் உள்ளே வெளியே ஆட்டத்தைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் புரியும். இரண்டு பக்கங்கள், எது வெல்லும் என்று பணம் கட்டுகிறோம், ஆட்டம் நம்மைக் கேட்காமலே நடக்கிறது. இங்கே அந்தப் பக்கங்களுக்கு ஆட்டக்காரர், வங்கியாளர் என்று பெயர். சீனர்கள் வங்கிப் பக்கத்தை ‘ஜுவாங்’ என்றும் எதிர்ப்பக்கத்தை ‘ஷியென்’ என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. வங்கியாளர் என்பது கேசினோ அல்ல, ஆட்டக்காரர் என்பது நாமும் அல்ல. நாம் எதன் மேலும் கட்டலாம். இரண்டும் சமமாக முடியும் என்றுகூடக் கட்டலாம்.

எட்டுக் கட்டுகளை, அதாவது 416 சீட்டுகளை, ஒன்றாகக் கலைத்து ஒரு பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். ஏஸ் ஒன்று, இரண்டு முதல் ஒன்பது வரை அதனதன் மதிப்பு, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா எல்லாம் பூஜ்யம். கூட்டி வருவதில் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு. ஏழும் எட்டும் சேர்ந்தால் பதினைந்து அல்ல, ஐந்து. ஒன்பதுக்கு மிக அருகில் இருப்பவர் வெல்கிறார். முதல் இரண்டு சீட்டிலேயே யாருக்காவது எட்டோ ஒன்பதோ வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால், ஆட்டக்காரர் பக்கம் ஐந்து வரை இருந்தால் மூன்றாவது சீட்டு எடுக்க வேண்டும். ஆறோ ஏழோ என்றால் நிற்க வேண்டும்.

வங்கிப் பக்கத்தின் விதிதான் சற்றுச் சிக்கலானது. ஆட்டக்காரர் எடுக்காமல் நின்றிருந்தால் வங்கிக்கும் அதே விதி. எடுத்திருந்தால், அந்த மூன்றாவது சீட்டு என்ன என்பதைப் பொறுத்து வங்கி எடுப்பதும் நிற்பதும் முடிவாகிறது. உதாரணமாக, வங்கியிடம் நான்கு இருக்கும்போது எதிர்ப்பக்கம் எடுத்தது இரண்டு முதல் ஏழு வரையிலான சீட்டு என்றால் மட்டும் எடுக்கும். ஆறு இருந்தால், எதிரே வந்தது ஆறு அல்லது ஏழு என்றால் மட்டும் எடுக்கும். இந்த அட்டவணையை டீலர் மனப்பாடமாக வைத்திருப்பார். பணம் கட்டுபவர் தெரிந்துகொள்ளாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. எதிராளியின் கடைசிச் சீட்டைப் பார்த்துவிட்டு நகர்வதால்தான் வங்கிப் பக்கம் நூற்றுக்கு 45.86 முறை வெல்கிறது, மறுபக்கம் 44.62 முறைதான். அந்த முன்னிலையை ஈடுகட்டத்தான் வங்கி வெற்றியில் நூற்றுக்கு ஐந்து கமிஷன் பிடிக்கிறார்கள். பிடித்த பிறகும் கேசினோவின் அனுகூலம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, வங்கிப் பக்கத்தில் 1.06 விழுக்காடு, ஆட்டக்காரர் பக்கத்தில் 1.24. சமத்துக்கு ஒன்றுக்கு எட்டு தருகிறார்களே என்று ஆசைப்பட்டால் அது 14.36 விழுக்காடாகத் தாவிவிடுகிறது. வட்டி விகிதங்களோடு வாழ்ந்த எனக்கு அந்த ஓர் எண்ணே போதுமானதாக இருந்தது.

இனி அந்த மேசையில் நான் கண்டது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி வங்கிப் பக்கத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கட்டியிருந்தார். எந்தப் பக்கத்தில் யார் அதிகம் கட்டுகிறாரோ அவரிடமே அந்தப் பக்கத்துச் சீட்டுகளைக் கவிழ்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம். ஆட்டக்காரர் பக்கத்தில் ராணியும் ஏழும் விழுந்தன; ஏழு, ஆகவே நின்றுவிட்டது. மூதாட்டி ஜாக்கியையும் ஏஸையும் திறந்தார், வெறும் ஒன்று. மூன்றாவது சீட்டு வந்தது. அதை அவர் சட்டென்று புரட்டவில்லை. இரு கைகளாலும் மறைத்து, நீள விளிம்பை மயிரிழை மயிரிழையாக மேலே வளைத்தார்.

சீட்டின் நீள விளிம்பில் தெரியும் சின்னங்களை எண்ணினாலே அது எந்த வகை என்று ஊகித்துவிடலாம். ஒன்றும் தெரியாவிட்டால் சின்ன சீட்டு. இரண்டு தெரிந்தால் நான்கு அல்லது ஐந்து. மூன்று தெரிந்தால் ஆறு, ஏழு, எட்டில் ஒன்று. நான்கு தெரிந்தால் ஒன்பது அல்லது பத்து. கான்டனீஸ் மொழியில் மூன்று தெரிவதைச் ‘சாம் பின்’, அதாவது மூன்று பக்கம், என்கிறார்கள். மூதாட்டி அதைச் சொன்னதும் மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆறு என்றால் சமம்; ஏழோ எட்டோ என்றால் வெற்றி. நடுவில் ஒரு சின்னம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருந்தவர்கள் ‘டிங், டிங்’ என்று கூவினார்கள். எதிர்ப்பக்கம் கட்டியிருந்த ஓர் இளைஞர் அந்தச் சின்னம் பறந்து போகட்டும் என்று சீட்டை நோக்கி ஊதினார். உண்மையிலேயே வாயால் ஊதினார்.

அக்கா மகன் என் காதருகே குனிந்து, “மாமா, அவங்க சீட்டைப் பாக்கல; சீட்டைச் செய்யறாங்க” என்றான்.

மூதாட்டி சீட்டைத் திருப்பி மறுமுனையையும் வளைத்துப் பார்த்துவிட்டு, மேசையில் எறிந்தார். ஆறு. ஏழுக்கு ஏழு, சமம். இரு பக்கத்துப் பணமும் அப்படியே திரும்பியது. பலகையில் ஒரு பச்சைக் குறி விழுந்தது. மூன்று நிமிடம் நாங்கள் அனைவரும் மூச்சைப் பிடித்திருந்தது ஒன்றுமில்லாமல் போனதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. கசங்கிய சீட்டுகளை மறுபடி பயன்படுத்துவதில்லை. ஒரு பெட்டி தீர்ந்ததும் அத்தனையும் கழிவுக்குப் போகின்றன.

சீட்டு அச்சான நிமிடமே அதன் எண் முடிவாகிவிட்டது, கலைத்த நிமிடமே அதன் இடமும் முடிவாகிவிட்டது. இதில் விரலுக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன். ஐரோப்பாவில் இந்த ஆட்டத்தில் மனிதனுக்கு உண்மையான வேலை இருந்தது என்று சொல்லி, காப்பிக் கடையில் உட்கார்ந்து பழைய வகைகளை அவன் விளக்கினான்.

பிரான்சின் ‘ஷெமா(ன்) த ஃபேர்’ வகையில் கேசினோ பந்தயத்திலேயே சேராது. ‘இரயில்பாதை’ என்பது அந்தப் பெயரின் பொருள். ஆறு கட்டுச் சீட்டுப் பெட்டி மேசையைச் சுற்றி வரும். அது யாரிடம் இருக்கிறதோ அவரே வங்கியாளர், தன் பணத்தை முன்வைத்து மற்றவர்களை எதிர்க்க வேண்டும். வென்றுகொண்டிருக்கும் வரை பெட்டி அவரிடமே. தோற்றால் அடுத்தவருக்கு நகரும். துணிந்த ஒருவர் ‘பாங்கோ’ என்று அறிவித்து வங்கித் தொகை முழுவதையும் தானே எதிர்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் அதிகம் கட்டியவர் எல்லோருக்காகவும் சீட்டைப் பிடிப்பார். கையில் ஐந்து இருக்கும்போது எடுப்பதா நிற்பதா என்பது அவர் விருப்பம். ஐந்துக்கு அவர் எடுப்பவரா நிற்பவரா என்பதை வங்கியாளர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். கேசினோ, வங்கியாளரின் வெற்றியிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்வதோடு சரி.

இன்னொன்று ‘பக்கரா பாங்க்’. இதில் வங்கியாளர் மாறுவதில்லை. பணம் தீரும் வரையோ தானே விலகும் வரையோ அவரே உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலப்புறம் ஒரு குழு, இடப்புறம் ஒரு குழு. இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. ஒரு குழுவை வெல்ல எடுக்கும் சீட்டு மற்றொரு குழுவிடம் தோற்கவைக்கலாம் என்பதால், எந்தப் பக்கம் அதிகப் பணம் இருக்கிறது என்று எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். 1922இல் பிரான்சின் தோவில் நகரத்தில் நிக்கோலஸ் சோகிராஃபோஸ் என்ற கிரேக்கர், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், வரம்பே இல்லை என்று அறிவித்து வங்கியில் உட்கார்ந்தாராம். தன் கூட்டாளிகளின் பணத்தை வைத்துக்கொண்டு அப்படி அறிவிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது கடன் மனுக்களில் கையெழுத்திட்ட எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வகைக்குப் பெயர் ‘புந்தோ பாங்கோ’. லத்தீன் அமெரிக்காவில் வளர்ந்து, ஹவானாவிலிருந்து 1959இல் டாமி ரென்சோனி என்பவர் மூலம் லாஸ் வேகாஸுக்குப் போனது. அந்த ஐந்துக்கான விருப்பத்தையும் அது அட்டவணையில் அடைத்துவிட்டது. எல்லாப் பந்தயத்துக்கும் எதிராகக் கேசினோவே நின்றுகொண்டது. முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டவர்கள் சீட்டைத் திறக்கும் உரிமையை மட்டும் கையில் கொடுத்தார்கள் என்றும், அந்த மூதாட்டி அதிலிருந்து ஒரு துளியையும் வீணாக்காமல் பிழிந்துகொண்டார் என்றும் எனக்குப் பட்டது.

மறுநாள் இரவு சின்ன மேசைகளைப் பார்த்தோம். ஏழு பேர் உட்காரும் அரைவட்ட மேசை. எல்லாச் சீட்டையும் டீலரே படபடவென்று புரட்டிவிடுகிறார். இதை மினி பக்கரா என்கிறார்கள். விதியில் ஒரு மாற்றமும் இல்லை. வேகம் மட்டும் பலமடங்கு, ஆகவே பணம் கரைவதும் அப்படியே. பல மேசைகளில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருந்தது எனக்கு ஆறுதலாகத் தோன்றியது. அக்கா மகன் சிரித்தான். வங்கிப் பக்கம் ஆறில் வென்றால் கட்டியதில் பாதியைத்தான் தருவார்கள் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. கைக்குட்டைத் தாளில் கணக்குப் போட்டோம். கமிஷன் பிடித்தபோது 1.06ஆக இருந்த அனுகூலம் இங்கே 1.46 ஆகிறது. சில்லறை எண்ணும் சிரமத்தை டீலருக்குக் குறைத்ததற்கு நாம் கொடுக்கும் கூலி அது. அமெரிக்காவில் ஈஸி பக்கரா என்று மற்றொரு வகை உண்டு. அதில் வங்கி மூன்று சீட்டில் ஏழு சேர்த்து வென்றால் வெற்றித் தொகை இல்லை, கட்டிய பணம் மட்டும் திரும்பும். அனுகூலம் 1.02 என்பதால் வங்கிப் பக்கத்துக்கு இதுவே மலிவு.

ஒவ்வொரு மேசையிலும் மின்பலகை மாறாமல் இருந்தது. யார் வென்றார் என்பதைச் சிவப்பும் நீலமுமாகக் குறிக்கும் ‘பெரிய பாதை’, அதிலிருந்து கிளைக்கும் ‘பெருங்கண்’, ‘சின்னப் பாதை’, ‘கரப்பான் பாதை’ என்று ஜாதகக் கட்டம் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரே நிறம் தொடர்ந்து கீழே இறங்கினால் அது டிராகன். அதன் வாலைப் பிடிக்கக் கூட்டம் ஓடிவருகிறது. கடந்த ஆட்டம் அடுத்த ஆட்டத்துக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்று தெரிந்தும், நீலம் ஏழு முறை இறங்கிய ஒரு பலகையின் முன் என் கால்கள் தாமாக நின்றன. கடைசியில், திரையில் விரலால் தொட்டுக் கட்டும் மலிவான இருக்கையில் அமர்ந்து 200 டாலரை நீலத்தில் பிரித்துப் பிரித்து வைத்தேன். அரை மணி நேரத்தில் 60 டாலர் மிஞ்சியது. அதற்கு பாதாம் பிஸ்கட் வாங்கினோம்.

திரும்பும் படகில் அக்கா மகன் கடையில் வாங்கிய சீட்டுக் கட்டைப் பிரித்து, ஒன்றைக் கவிழ்த்து என் முன் வைத்தான். நானும் இரு கைகளால் மறைத்து நீள விளிம்பை வளைத்தேன். படகின் ஆட்டத்தில் சின்னங்கள் ஒன்றோடொன்று கலந்தன. நிதானமாக எண்ணி, மூன்று பக்கம் என்று அறிவித்தேன். அவன் புரட்டிப் பார்த்தான். இஸ்பேட் ஒன்பது. “நாலு பக்கம் மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கவிழ்த்தான்.