மெழுகிலிருந்து வண்ணத்துக்கு: எமிலி குறிப்புகள்

நவம்பர் 4, செவ்வாய்

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமெ உங்வாரே பற்றிப் பேச்செடுத்தால் 'எண்பது வயதை நெருங்கும்போது தூரிகை பிடித்தவர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தூரிகைக்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் மெழுகு இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, பாலைவனத்தில், யூட்டோப்பியா அவர் ஊர். அவர் பிறந்தது 1910 வாக்கில். அங்கே 1977இல் பாத்திக் (துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் கலை) சொல்லிக்கொடுத்தார்கள். மறு வருஷமே பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். அதற்கும் முன்னால் அவெல்யே: சடங்கின்போது பெண்கள் மார்பிலும் தோளிலும் விரலால் இழுக்கும் கோடுகள். கை பழகியது அங்கேதான்.

நவம்பர் 6, வியாழன்

பாத்திக்கில் எங்கே முதுகு ஒடிகிறது என்று பார்க்கலாம். பாரபின் மெழுகோடு தேன்மெழுகு கலக்க வேண்டும். பாரபின் கூடினால் மெழுகு விரிசல் விடும், சாயம் உள்ளே இறங்கும்; தேன்மெழுகு கூடினால் வளைந்துகொடுக்கும். சூடு சரியாக இருந்தால் மெழுகு துணியில் ஊறிக் கண்ணாடிபோலத் தெரியும். வெள்ளையாக மேலேயே நின்றால் சூடு போதவில்லை. கோடு பரவினால் அதிகம். புகைந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு அமுக்குங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

பிறகு சாயம், காயவைப்பு, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து மெழுகை எடுக்க வேண்டும். ஒரு கொதியில் போகாது. பாலைவனத்தில் அத்தனை தண்ணீருக்கும் விறகுக்கும் எங்கே போவது? பாத்திக்கை விட்டதற்கு எமிலி சொன்ன காரணங்களும் இவைதாம்: ஓயாத கொதிக்கவைப்பு, தீரும் சோப்புத்தூள், மங்கும் கண். கலைத்தாகம் என்று எழுதுகிறவர்கள் இந்த அண்டாவையும் கொஞ்சம் பார்க்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

1988-89 கோடையில் யூட்டோப்பியா பெண்களுக்கு கான்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கொடுத்தார்கள். சுள்ளி வேண்டாம், அண்டா வேண்டாம். தப்பானால் காயவிட்டு மேலேயே தீட்டலாம். மெழுகில் அது நடக்காது.

கான்வாஸைத் தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சிமுனையால் புள்ளி புள்ளியாகத் தீட்டுவதுதான் வழக்கம். தட்டையாகக் கிடப்பதால் புள்ளி வழியாது. கை எட்டாத நடுப்பகுதிக்குத் துணியின் மேலேயே ஏறி உட்கார வேண்டியதுதான். வண்ணம் தோசைமாவுப் பதத்தில் இருக்கட்டும். நீர்த்தால் புள்ளி சப்பையாகும். கெட்டியானால் நடுவில் முனை நிற்கும், சுருட்டும்போது அது உடையும். பதம் வேண்டுமென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பசை வலுவிழந்து, காய்ந்தபின் தேய்த்தால் பொடியாக உதிரும். வெயிலில் கிண்ணத்தின் மேல் ஆடை படியும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மீதியை ஈரத்துணியால் மூடிவையுங்கள். குச்சிமுனையை ஒன்றிரண்டு புள்ளிக்கு ஒருமுறை தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் சிறுத்துக்கொண்டே போகும்.

எமிலி சீக்கிரமே குச்சியைத் தாண்டிப்போனார். கத்தரித்த தூரிகையில் வண்ணத்தை நிறைய ஏற்றி, துணியில் குத்திக் குத்தி எடுத்தார். 1995இல் எட்டு மீட்டர் நீளக் கறுப்புத் துணியில் காட்டுக்கிழங்கின் வேரோட்டம் முழுக்க வெள்ளைக் கோடுகளாக, இரண்டே நாளில். காமெ என்ற பெயரே அந்தக் கிழங்கின் விதையைக் குறிப்பது.

நவம்பர் 10, திங்கள்

நேற்று விட்டுப்போனது: நாலு பக்கமும் 5 செ.மீ. வெற்றுத் துணி விடுங்கள். ஓரம்வரை தீட்டினால் சட்டத்தில் இழுக்கும்போது படம் பக்கவாட்டில் மடிந்துபோகும். சுருட்டும்போது தீட்டிய முகம் வெளிப்பக்கம், தடித்த குழாயின் மேல். நேரடியாகக் குமிழ்ப் பிளாஸ்டிக் சுற்றினால் வெயிலில் ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகத் தடம் விழும்.

நவம்பர் 14, வெள்ளி

காகித வேலை. படம் கையை விட்டுப் போகும் முன் பின்பக்கத்தில் பட்டியல் எண், அளவு, தேதி. ஓவியர் படத்தோடு இருக்கும் புகைப்படம் ஒன்று, தீட்டும்போது எடுத்தது இன்னொன்று. கையெழுத்தை மட்டும் நம்பினால் போலிக்கு வழி திறந்துவிட்டதாக அர்த்தம். எமிலி பெயரிலேயே போலிகள் உலவின. விற்றுத்தரக் கொடுத்தால் விலை, பங்கு, பணம் வரும் நாள், விற்காவிட்டால் திரும்பும் நாள் நான்கையும் எழுதி வாங்குங்கள். வயதானவரிடம் 'இன்னும் ஒண்ணு தீட்டுங்க' என்று வண்டியோடு வந்து நிற்பவர்களுக்கு இந்தத் தாள் பிடிக்காது.

எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 3,000 படங்கள் தீட்டி 1996இல் எமிலி இறந்தார். 1994இல் தீட்டிய 'எர்த்ஸ் கிரியேஷன்' 2007இல் ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது, 2017இல் 21 லட்சம். மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் தரும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததோ 2010 ஜூனில்தான். 2007 ஏலத்துக்கு அது எட்டவில்லை. 1,000 டாலரிலிருந்து மேலே போகும் மறுவிற்பனைக்குத்தான் அது செல்லும். ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுக்கு வரும். ஆனால் வாரிசு யாரென்று எழுத்தில் இல்லாவிட்டால் பணம் அங்கேயே முடங்கும். பிந்தித் தொடங்குகிறவர் முதல் கான்வாஸோடேயே உயிலையும் எழுதி வைக்கட்டும்.