பரண் திறந்தது: விண்டோஸ் 11-க்கும் சாம்பாவுக்கும் இடையிலான விருந்தினர் சிக்கல்

பரண் என்று பெயரிட்டு வைத்திருக்கும் பழைய மடிக்கணினியின் பகிர்வுக் கோப்புறை, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் இப்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு முறையாகத் திறக்கிறது. டெபியன் 12 என்ற லினக்ஸும், அதனுடன் வரும், விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்ற நிரலும் ஓடும் பெட்டி அது. குடும்பப் படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதனுடன் இணைந்த யுஎஸ்பி வட்டில்தான் இருக்கின்றன. மேசைக் கணினியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏறிய பிறகு அந்தக் கோப்புறை திறக்க மறுத்தது. அதே பதிப்பு ஏறிய என் மனைவியின் மடிக்கணினியிலோ எந்தத் தடையும் இல்லாமல் திறந்தது. ஒரே ரவுட்டர், ஒரே பரண், ஒரே பதிப்பு எண், ஆனால் இரண்டு விடைகள். இந்த முரணைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் விடை கிடைத்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதிப்பு எண் ஒன்றானாலும் விண்டோஸின் வகை வேறு: மேசைக் கணினியில் இருப்பது புரோ பதிப்பு, மடிக்கணினியில் இருப்பது ஹோம் பதிப்பு. 24எச்2-இல் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் ஆகிய மூன்றும் எஸ்எம்பி (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) இணைப்புகளுக்குக் கையொப்பத்தை இயல்பாகவே கட்டாயமாக்குகின்றன. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவுக்கு இறங்கிப்போவதையும் மறுக்கின்றன. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இந்த மறுப்பு 2017-இன் விண்டோஸ் 10 1709-இலிருந்தே இருந்துவருகிறது. புரோவுக்கு அது இப்போதுதான் வந்திருக்கிறது. ஹோம் பதிப்பில் இந்தக் கட்டாயங்கள் இல்லை. ஆகவே ஒரு கணினியில் திறக்கிறது, இன்னொன்றில் திறக்கவில்லை என்றால், கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகிக்கும் முன் இரண்டிலும் இருப்பது புரோவா ஹோமா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடிப்படை இணைப்புச் சோதனைகளை இங்கே விரிக்கவில்லை. பிங் பதில் வந்தது; பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளை எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் திறந்திருப்பதாகச் சொன்னது; இரண்டு கணினிகளின் முகவரிகளும் ஒரே தொடரில் இருந்தன. இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். ஃபைபர் இணைப்புக்காரர் வைத்த பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டியிருக்கும் வீடுகளில் ஒரு கணினிக்கு 192.168.1 என்றும் மற்றதற்கு 192.168.0 என்றும் முகவரி தொடங்கும். அப்போது உள்ளே இருக்கும் கணினி வெளியே இருப்பதை எட்டும். வெளியே இருப்பது உள்ளே இருப்பதை எட்டாது. இரண்டாவது ரவுட்டரை, தனி முகவரித் தொடர் தராத ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். என் வீட்டில் சிக்கல் அது அன்று.

மேசைக் கணினி காட்டிய செய்தி, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள் அடையாளம் உறுதிப்படாத விருந்தினர் அணுகலைத் தடுக்கின்றன என்ற பொருளில் இருந்தது. பகிர்வுகளை இணைக்கும் நெட் யூஸ் கட்டளையில் இதே தடை 1272 என்ற பிழை எண்ணாக வரும். வீட்டுக் கணினியில் நிறுவனம் எங்கிருந்து வந்தது என்று யாரும் குழம்ப வேண்டாம்; அந்தச் சொற்றொடர் அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கையொப்பச் சோதனை முதலில் குறுக்கிட்டால், குறியாக்கக் கையொப்பம் செல்லாது என்ற வேறொரு செய்தியும் வரக்கூடும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

கையொப்பம் என்பது ஒவ்வொரு எஸ்எம்பி பொதியிலும் இடப்படும் சரிபார்ப்புக் குறி. நடுவில் யாரேனும் பொதியை மாற்றினால் அந்தக் குறி பொருந்தாமல் போகும். அந்தக் குறியை உருவாக்க இரு பக்கமும் அறிந்த ஒரு திறவுகோல் வேண்டும்; அந்தத் திறவுகோல் பயனரின் கடவுச்சொல்லைக் கொண்டு நடக்கும் அடையாள உறுதிப்பாட்டிலிருந்து பிறக்கிறது. விருந்தினராக நுழைபவருக்குக் கடவுச்சொல்லே இல்லை. ஆகவே திறவுகோல் இல்லை. ஆகவே கையொப்பமும் இல்லை. கையொப்பத்தைக் கட்டாயமாக்கிய ஒரு கணினியால் விருந்தினராக நுழையவே முடியாது என்பது இதிலிருந்து தானாக வரும் முடிவு. இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்த அமைப்பைத் தட்டினால் சரியாகும் என்ற தேடலை நிறுத்திவிட்டு, பரணில் பயனர்களை உருவாக்கும் வேலைக்குப் போனேன்.

இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் மருந்து வேறு: கையொப்பக் கட்டாயத்தை அணைத்துவிட்டு, பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை அனுமதிக்கும் அமைப்பை இயக்கிவிடச் சொல்கிறார்கள். சில நொடிகளில் கோப்புறை திறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வைஃபையில் வீட்டுக்கு வருபவர்களின் கைபேசிகளும், விலை மலிவான கேமராக்களும், புதுப்பிப்பே வராத டிவி பெட்டிகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் எது வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் பத்திரங்களின் பிரதிகளை அழிக்கலாம் என்ற நிலையை நான் ஏற்க மாட்டேன். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது 445-ஆம் போர்ட்டின் வழியாக, எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தும் அதை நிறுவாத கணினிகள் சிக்கிக்கொண்டன. இந்தத் துறையில் இயல்பு அமைப்புகள் இறுக்கப்படுவது நல்லதே. அதற்கு ஏற்றபடி நம் பெட்டியை மாற்றுவதுதான் சரியான வழி.

இனி, என் நேரத்தையெல்லாம் விழுங்கிய ஒற்றை வரிக்கு வருகிறேன். பரணில் லினக்ஸ் பயனர்களை உருவாக்கி, எஸ்எம்பி-பாஸ்வேர்டு கட்டளையால் சாம்பாவின் தனிப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. சாம்பாவின் கடவுச்சொல் பட்டியல் லினக்ஸின் பட்டியலிலிருந்து வேறானது என்பதை இங்கே படிப்பவர்கள் அறிவார்கள். பிடிபி-எடிட் கட்டளை பயனர்கள் இருப்பதாகக் காட்டியது. அதன் பிறகும் மேசைக் கணினி அதே விருந்தினர் தடையைத்தான் சொன்னது. பயனர் இருக்கிறார், கடவுச்சொல் இருக்கிறது, விருந்தினர் அனுமதியைக் கோப்புறைப் பிரிவிலிருந்து எடுத்தாயிற்று. பின் விருந்தினர் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

டெபியன் தரும், சாம்பாவின் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃபின் பொதுப் பிரிவில், மேப் டு கெஸ்ட் என்ற அமைப்பு பேட் யூசர் என்ற மதிப்புடன் ஏற்கெனவே எழுதப்பட்டு வருகிறது. சாம்பாவின் சொந்த இயல்பு நெவர் என்பது. டெபியனின் கோப்பு அதை மாற்றுகிறது. இந்த அமைப்பு இருக்கும்போது, தெரியாத பெயருடன் யாரேனும் வந்தால் சாம்பா அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. விருந்தினராக உள்ளே அழைத்துக்கொள்கிறது. தெரிந்த பெயரும் தவறான கடவுச்சொல்லும் வந்தால் மட்டுமே மறுக்கிறது. விண்டோஸோ பகிர்வைத் தொட்டவுடன் நம்மிடம் எதையும் கேட்காமல், தற்போது உள்நுழைந்திருக்கும் பயனரின் பெயரை முதலில் அனுப்பிப் பார்க்கும். மேசைக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைவதால், அது அனுப்பும் பெயர் மின்னஞ்சல் முகவரி. பரணுக்கு அந்தப் பெயர் தெரியாது; உடனே விருந்தினர் தகுதியைத் தருகிறது; விண்டோஸ் விருந்தினராக நுழைய மறுத்துப் பிழை காட்டுகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி திரையில் தோன்றுவதற்கு இடமே இல்லை. வாசலில் நிற்பவர் யாரென்று கேளாமல் காவலாளி கதவைத் திறக்க, வந்தவர் அடையாளம் கேட்காத வீட்டுக்குள் வர மாட்டேன் என்று திரும்பிப்போவது போன்ற நிலை அது.

இதை ஊகத்தால் கண்டுபிடிக்கவில்லை. சாம்பாவின் பதிவு அளவில் ஆத்-ஆடிட் வகையை 3-ஆம் நிலைக்கு உயர்த்தினால், ஒவ்வொரு நுழைவு முயற்சியும் எந்தப் பெயரில், எந்தக் கணினியிலிருந்து வந்தது, என்ன முடிவு கிடைத்தது என்பது ஒரே வரியில் பதிவாகும். 4.7 பதிப்பில் வந்த வசதி இது. இதைவிடப் பயனுள்ள கருவி சாம்பாவில் இல்லை என்றே சொல்வேன். அந்த வரியில் மின்னஞ்சல் முகவரியும், அதன் பக்கத்தில் நோ சச் யூசர் (அப்படியொரு பயனர் இல்லை) என்ற நிலையும் இருந்தன. அதைப் பார்த்தவுடன் முழுச் சங்கிலியும் விளங்கியது.

மேப் டு கெஸ்ட் அமைப்பை நெவர் என்று மாற்றி, டெஸ்ட்பார்ம் கட்டளையால் கோப்பைச் சரிபார்த்து, சேவையை மறுதொடக்கம் செய்தவுடன் பிழைச் செய்திகள் உண்மையைப் பேசத் தொடங்கின. தெரியாத பெயருக்கு 1326, அதாவது பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்ற தெளிவான பதில் வந்தது. எக்ஸ்ப்ளோரரில் கடவுச்சொல் பெட்டியும் தோன்றியது. சாம்பாவில் எந்தச் சிக்கலைத் தேடினாலும் முதலில் இந்த வரியை மாற்றிவிட்டுத் தேடுங்கள் என்பதே நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது. அது இருக்கும்வரை எழுத்துப்பிழையுள்ள பெயரும், உருவாக்காத பயனரும், விடுபட்ட கணக்கும் எல்லாம் விருந்தினர் சிக்கல் என்ற ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும்.

விண்டோஸ் பக்கத்தில் ஒரு துப்புரவு வேலை உண்டு. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் இணைய விண்டோஸ் அனுமதிக்காது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போது புதுப் பெயரைக் கொடுத்தால் 1219 என்ற பிழை வரும். நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்புகளை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தச் சர்வரின் பெயரில் சேமித்திருப்பதையும் அழித்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும். அதன் பிறகு கடவுச்சொல் பெட்டியில் பயனர் பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரையும் பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து எழுத வேண்டும். விண்டோஸ் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது என்பதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டும் பொருளுடையது, வலையமைப்பைத் தாண்டிப் போகாது.

இணைந்த பிறகு கெட்-எஸ்எம்பி-கனெக்ஷன் கட்டளை எஸ்எம்பியின் பதிப்பை 3.1.1 என்று காட்டியது. பரணில் எஸ்எம்பி-ஸ்டேட்டஸ் கட்டளையும் அதையே சொன்னதோடு, எந்தப் பயனர் எந்தக் கணினியிலிருந்து வந்திருக்கிறார் என்பதையும் பெயர் பெயராகக் காட்டியது. விருந்தினர் காலத்தில் எல்லாக் கோப்புகளும் நோபடி என்ற ஒரே பெயரில் கிடந்தன. இப்போது யார் எதை வைத்தார்கள் என்பது தெரிகிறது. இந்த ஒரு பயனுக்காகவே மாற்றத்தை முன்பே செய்திருக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்ற அடுத்த தடைக்கு அதிக நேரம் ஆகவில்லை. சாம்பா அனுமதித்தாலும் அடியிலுள்ள கோப்பு முறைமை அனுமதிக்காவிட்டால் எழுத முடியாது. இரண்டில் கடுமையானதே செல்லும். என் யுஎஸ்பி வட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருப்பதால் உரிமையை மாற்றும் வழக்கமான லினக்ஸ் கட்டளைகள் அதில் பயனளிக்கவில்லை. வட்டை ஏற்றும்போதே பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுத்துவிட்டேன். வட்டை லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு அதே கொள்ளளவுள்ள இன்னொரு வட்டு வேண்டும். வாங்கிய பிறகு செய்வேன்.

நெட்வொர்க் பட்டியலில் பரணின் பெயர் தெரியாதது தனிச் சிக்கல், பகிர்வு திறக்காததற்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய பட்டியல் முறை எஸ்எம்பியின் முதல் பதிப்பைச் சார்ந்திருந்தது. அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படாத விண்டோஸ்களில் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற முறைதான் பட்டியலை நிரப்புகிறது. சாம்பா அதைத் தானே பேசாது என்பதால் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலைப் பரணில் நிறுவினேன். யுடிபி 3702, டிசிபி 5357 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். விண்டோஸில் வலையமைப்பு பிரைவேட் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை சரியாக இருந்ததும் பெயர் வந்துவிட்டது. பெயரே வராவிட்டாலும் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் முகவரியை எழுதினால் கோப்புறை திறக்கும் என்பதால் இதை முதலில் துரத்த வேண்டியதில்லை.

கோப்புகள் நகரும் வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய காணொலிகள் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட் வேகத்தில் நகர்ந்தால் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று பொருள்; ஜிகாபிட் இணைப்பில் 110-ஐ ஒட்டி வரவேண்டும். பரணில் இணைப்பின் வேகத்தைச் சொல்லும் ஈத்டூல் கட்டளை 100 என்றே காட்டியது. ஜிகாபிட்டுக்குக் கேபிளிலுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேகம் கீழே இறங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய கேட்6 கேபிளின் முனையைச் சுரண்டியபோது செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது: செம்பு பூசிய அலுமினியம். அது வளைத்தால் எளிதில் ஒடியும். செம்பின் விலையில் அதை விற்பது நியாயமே இல்லை. முழுச் செம்பு என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், கடையிலேயே பிளேடால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். கேபிளை மாற்றியதும் 1000 வந்தது.

மீதமிருப்பது கூடத்து டிவி பெட்டி. அது எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசுகிறது, சாம்பா 4.11-இலிருந்து அந்தப் பதிப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு டிவிக்காக அதை மீண்டும் திறக்கப் போவதில்லை. படங்கள் இருக்கும் கோப்புறையை மட்டும், டிவிகளுக்குப் படங்களையும் காணொலிகளையும் தரும் மினிடிஎல்என்ஏ என்ற நிரல் வழியாக, படிக்க மட்டும் முடியும்படி கொடுக்கலாம் என்று திட்டம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: மின்தடைக்குப் பிறகு பரண் எழும்போது யுஎஸ்பி வட்டு சில வேளைகளில் ஏறுவதில்லை, அப்போது பகிர்வு வெறுமையாகத் தெரிகிறது, யாரேனும் கோப்பை வைத்தால் அது உள்வட்டில் போய் விழுகிறது. வட்டு ஏறாவிட்டால் சாம்பாவே தொடங்கக் கூடாது என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் நிபந்தனை எழுதியிருக்கிறேன். அடுத்த மின்தடையில் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிவியைத் தொடுவேன்.