கவுன்சில் பதிவு: ஆப்டோமெட்ரி படித்தவர்கள் முதலில் படிப்பின் மணி நேரக் கடிதத்தை வாங்குங்கள்

ஆப்டோமெட்ரி, அதாவது கண் பவர் பார்த்துக் கண்ணாடி தரும் படிப்பு, நான் படித்தது தமிழ்நாட்டில், வேலை பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில். எங்களைப் போன்ற மருத்துவத் துறை ஆட்களைப் பதிவு செய்யும் மாநில கவுன்சிலின் பதிவு எண் இல்லாமல் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டோம் என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். படிவம், போட்டோ, பணம் கட்டுவது எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

மாட்டியது படிப்பு எத்தனை மணி நேரம் என்ற கணக்கில்தான். 2021-ல் வந்த தேசிய சட்டத்தின்படி ஹெல்த்கேர் ப்ரொஃபெஷனல் என்றால் பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நான் அதற்கு முன்பே படித்து முடித்தவன், மார்க் ஷீட்டில் மார்க் இருக்கிறது, மணி நேரம் எங்கேயும் இல்லை. கல்லூரியில் மணி நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று லீவு போட்டு ஊருக்குப் போனால், ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அப்படி ஒரு ஃபார்மட்டே எங்ககிட்ட இல்லங்க, யுனிவர்சிட்டியில கேளுங்க" என்கிறார். யுனிவர்சிட்டியில் கேட்டால், இன்டர்ன்ஷிப் நடத்தியது கல்லூரி, அவர்கள்தான் தர வேண்டும் என்கிறார்கள். வருடா வருடம் ஃபீஸ் வாங்கிய இடத்தில் ஒரு பக்கக் கடிதத்துக்கு இப்படி அலைய விடுவது அநியாயம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கடைசியில் வழி கிடைத்தது ஜூனியர் ஒருவரிடமிருந்த பழைய சிலபஸ் புத்தகத்தில். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி, பிராக்டிகல் மணி நேரம் தனித்தனியாக இருந்தது. கூட்டி, இன்டர்ன்ஷிப் தேதிகளையும் சேர்த்து, கடிதத்தை நானே டைப் செய்து, ஆபீஸ் பக்கம் போகாமல் நேராக எங்கள் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) மேடத்திடம் கொடுத்தேன். அவரே பிரின்சிபால் அறைக்கு எடுத்துப் போய்க் கையெழுத்தும் சீலும் வாங்கித் தந்தார். நல்லா இருக்கணும் அவர்!

அப்புறம் இனிஷியல். டிகிரியில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. நம்ம ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தனியார் சங்கங்களின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள், அது சட்டப்படியான பதிவு ஆகாது.

எண் வந்தால் மருந்து எழுதலாமா என்று கூட வேலை செய்யும் பையன் கேட்டான். கூடாது. பவர் பார்ப்பது, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் நம்முடையது. மருந்துச் சீட்டும் ஆபரேஷனும் கண் டாக்டருடையது. ஆனால் மெஷின் துப்பும் சீட்டை அப்படியே பார்த்துக் குழந்தைக்குக் கண்ணாடி மாட்டிவிடும் கடைகளுக்கு நடுவில், முறையாகப் படித்தவர் யார் என்று ஜனங்களுக்குத் தெரிய இந்த எண் வேண்டும்.

எனக்கு எண் வந்துவிட்டது, கான்ட்ராக்டும் புதுப்பித்தாகிவிட்டது. அந்தக் கடிதத்தின் மாதிரி இப்போது டிபார்ட்மென்டிலேயே இருக்கிறது. எங்கள் பேட்ச் ஆட்கள் ஆபீஸில் நிற்காமல் மேடத்தையே கேளுங்கள்.